விசில் ஊதுவதற்கு முன்

போன சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு என் மகன் மூன்றாம் தடவையாகக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். பத்து மணிக்கு மாட்ச். டி-யூகன்ட், அதாவது பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் அணி. வட்டார லீக்கில் எட்டாம் இடத்தில் இருக்கிற எங்கள் பெடியங்கள் ஆறாம் இடத்தில் இருப்பவர்களோடு விளையாடப்போகிறார்கள். ஹனோவரில் அதைப் பற்றிக் கவலைப்பட முப்பது பெற்றோருக்கு மேல் யாரும் இல்லை. ஆனாலும் கதவுக்குப் பின்னால் அவன் ஓங்காளிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தை மறைக்கப் பார்த்தான். அந்த வித்தை எனக்குத் தெரியும். இதே நகரத்தில், அவனுடைய வயதில், நான் செய்தது.

"இண்டைக்கு இவனை விடுங்கோவன்" என்று மனைவி குசினியிலிருந்து சொன்னாள். நான் அவனுடைய பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் பெர் மேர்ட்டசாக்கர்.

2018 மார்ச்சில் 'டெர் ஸ்பீகல்' சஞ்சிகையில் அவருடைய நேர்காணல் ஒன்று வந்தது. வேலை முடிந்து ட்ராமில் வரும்போது கைபேசியில் வாசிக்கத் தொடங்கினேன். இறங்க வேண்டிய தரிப்பிடம் எப்போது போனது என்று தெரியாது. உலகக் கிண்ணம் வென்ற மனிதர், ஜேர்மனிக்காக 104 ஆட்டங்கள் ஆடியவர், இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தின் அணித்தலைவர், இப்படிச் சொல்லியிருந்தார்: மாட்ச் நாளன்று காலையிலிருந்து வயிற்றால் போகும். விசில் ஊதுவதற்கு முன் அந்தச் சில வினாடிகளில் வயிறு பிரட்டிக்கொண்டு வரும், வாந்தி எடுக்கப்போவது போல ஓங்காளிக்கும். யாரும் பார்த்துவிடக்கூடாது என்று முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொள்வேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை அதை அடக்கிவிட்டு, பிறகு விளையாடத் தொடங்குவேன்.

ஒரு நாள் இரண்டு நாள் நடந்த சங்கதி இல்லை. ஏறத்தாழ பதினைந்து வருடத் தொழில் வாழ்க்கை முழுக்க.

அவரும் நானும் 1984 இல் பிறந்தவர்கள். அவர் செப்டெம்பரில் ஹனோவரில் பிறந்து, தெற்கே பட்டென்சன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1991 இல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹனோவர் புகையிரத நிலையத்தில் வந்து இறங்கினேன். அப்பா அதற்கு மூன்று வருடம் முந்தி வந்து ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பாஷை தெரியாத எனக்குப் பள்ளிக்கூடத்தில் முதலில் கிடைத்த நட்பு பந்தால் கிடைத்தது. உயரமான பிள்ளை, ஆனால் ஓட்டம் மெதுவு. அப்படிப்பட்டவனை எங்கே நிறுத்துவார்கள் என்று உதைபந்தாட்டம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையின் நடுவில் நிறுத்தினார்கள். பதினாறு வயது வரை அங்கேயே நின்றேன்.

மேர்ட்டசாக்கர் பட்டென்சன் கழகத்தில் தொடங்கினார். அவருடைய அப்பாவே அங்கே பயிற்றுநர். 1995 இல் ஹனோவர் 96 கழகத்தின் சிறுவர் பிரிவுக்கு வந்தார். பதின்ம வயதில் உடம்பு அளவுக்கு மீறி வேகமாக வளர்ந்து, முழங்கால் வலியால் நீண்ட காலம் விளையாடாமலே இருந்தார். கடைசியில் 198 சென்றிமீற்றரில் வந்து நின்றது. அவர் தொழில்முறை வீரராக வருவார் என்று அப்போது பந்தயம் கட்டியவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது.

இங்கே பலர் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ஜேர்மனியில் கட்டாய இராணுவ சேவை இருந்தது. துப்பாக்கி தூக்க மனமில்லாதவர்கள் அதற்குப் பதிலாகச் சமூகசேவை செய்யலாம். சிவில்டீன்ஸ்ட் என்று சொல்வோம், செய்பவனை சிவி என்போம். குடியுரிமை எடுத்திருந்த எனக்கும் கடிதம் வந்தது. நான் முதியோர் இல்லமொன்றில் பத்து மாதம் சிவியாக இருந்தேன். கிழவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவது, சாப்பாட்டுத் தட்டு எடுப்பது, ஒரே கதையை ஒன்பதாம் தரமும் கேட்பது. மேர்ட்டசாக்கர் தன்னுடைய காலத்தை ஒரு மனநல மருத்துவமனையில் செய்தார். வார இறுதியில் பல்லாயிரம் பேருக்கு முன்னால் விளையாடுகிற பத்தொன்பது வயதுப் பெடியன், வாரநாளில் மனம் நொந்த மனிதர்களுக்கு நடுவில். பிற்காலத்தில் அவர் அப்படிப் பேசியதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நேர்காணலை வாசித்தபோது அந்த மருத்துவமனை என் ஞாபகத்தில் வந்து நின்றது.

ஹனோவர் 96 பதின்மூன்று வருடம் கீழ்ப்பிரிவுகளில் கிடந்துவிட்டு 2002 இல்தான் முதற்பிரிவான பூண்டஸ்லிகாவுக்குத் திரும்பி வந்திருந்தது. நகரம் முழுக்கச் சந்தோசம். 2003 நவம்பரில், பத்தொன்பது வயதில், மேர்ட்டசாக்கர் கொல்ன் அணிக்கு எதிராக முதல் பூண்டஸ்லிகா ஆட்டத்தை ஆடினார். சில கிழமைகளுக்குப் பிறகு நானும் அப்பாவும் மைதானத்தில் நின்று அவரை முதன்முதலாகப் பார்த்தோம். அப்பா ஒரே பார்வையில் தீர்ப்பு எழுதினார்.

"உவன் திரும்பி முடிக்கமுன்னம் பந்து கோலுக்குள்ள கிடக்கும்."

இரண்டாம் பாதி முடிகிற நேரம் அதே அப்பா சொன்னார், "உவனுக்குத் திரும்பவேண்டிய தேவையே வராது போல கிடக்கு."

அவரைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கேயும் வாசிக்கவில்லை. மெதுவான பின்கள வீரனுக்கு இருப்பது ஒரே ஒரு வழி: முந்திப் புறப்படுவது. பந்து எதிராளியின் காலை விட்டுக் கிளம்பும்போது ஓடத் தொடங்கினால் அவன் தோற்றுவிடுவான். எதிராளி தலை நிமிர்ந்து பார்க்கிறானே, அந்த நேரத்தில் இரண்டு அடி பின்னால் போயிருக்க வேண்டும். மேர்ட்டசாக்கர் முன்கள வீரனுக்கு நேராக மார்பைக் காட்டி நிற்கவே மாட்டார். உடம்பைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு தோள் கோலைப் பார்க்க, ஒரு தோள் பந்தைப் பார்க்க நிற்பார். விழுந்து சறுக்கிப் பந்தைப் பறிப்பது அவருக்குக் கடைசி வழி. பாஸ் போகவேண்டிய பாதையில் அந்த நீளக் கால் ஏற்கெனவே நிற்கும். அதனால்தான் அந்த உயரத்துக்கும் அந்த வேலைக்கும் அவர் செய்த தவறாட்டங்கள் வியக்கும்படி குறைவு. தொலைக்காட்சியில் அது அழகாகத் தெரியாது. நடக்காமல் போன கோல்களை யார் மறு ஒளிபரப்புச் செய்வார்கள்?

இப்படி விளையாடுவதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பின்வரிசையில் நின்றவன்தான் அறிவான். முன்கள வீரன் எண்பத்தொன்பது நிமிடம் பிழைவிட்டு ஒரு நிமிடம் சரியாகச் செய்தால் வீரன். எங்கள் கணக்கு தலைகீழ். அதிலும் வேகம் இல்லாதவனுக்குப் பிழைவிட்ட பிறகு ஓடிப்பிடித்துத் திருத்துகிற வசதி கிடையாது. ஒவ்வொரு வினாடியும் முன்கூட்டியே யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த யோசனை மாட்சுக்கு முதல்நாள் இரவே தொடங்கிவிடும். அது தலையில் தொடங்கி வயிற்றில் போய் முடியும்.

முதல் பூண்டஸ்லிகா ஆட்டம் ஆடி ஒரு வருடம் ஆகமுன்னமே, 2004 அக்டோபரில், தெஹ்ரானில் ஈரானுக்கு எதிராக ஜேர்மன் பயிற்றுநர் கிளின்ஸ்மான் அவரைத் தேசிய அணியில் இறக்கினார். சொந்த மண்ணில் நடக்கப்போகிற உலகக் கிண்ணத்துக்கு இரண்டு வருடம்கூட இல்லை. 2006 மார்ச் முதலாம் திகதி புளோரன்ஸில் இத்தாலியிடம் 4-1 என்று அடிவாங்கினோம். அடுத்தநாள் என் வேலையிடத்தில் தேநீர் நேரம் முழுக்க அந்தப் பின்வரிசையைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நாட்டில் எல்லோரும் பயிற்றுநர் ஆகிவிட்டார்கள். அந்த நெடுவலை நீக்கு, இவனைப் போடு, அவனைப் போடு. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. நானும் அதே வயது. என்னைப் பற்றி ஒரு மேலாளர் முகம் சுளித்தாலே இரண்டு நாள் நித்திரை வராது.

அந்தக் கோடைகாலத்தை இங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். வீட்டுப் பல்கனிகளில் கொடி தொங்கிய முதல் கோடை. அரையிறுதி வரை மேர்ட்டசாக்கர் பின்வரிசையின் நடுவில் நின்றார். ஜூலை 4, டோர்ட்முண்ட், மறுபடி இத்தாலி. மேலதிக நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் குரோசோ ஒன்று, டெல் பியரோ ஒன்று. நண்பன் வீட்டில் பதினான்கு பேர் தரையில் இருந்து பார்த்தோம். எங்களில் பாதிப்பேருக்கு அப்போது ஜேர்மன் கடவுச்சீட்டுக்கூடக் கிடையாது, ஆனாலும் யாரும் யாரோடும் கதைக்காமல் எழும்பிப் போனோம். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அந்த இரவைப் பற்றிப் பன்னிரண்டு வருடம் கழித்து அவர் சொன்னதுதான் என்னை ட்ராமில் உறைய வைத்தது. கவலையாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாவற்றையும் விட நிம்மதியாக இருந்தது என்றார். முடிந்துவிட்டது, கடைசியாக முடிந்துவிட்டது என்றுதான் அவருடைய மனம் சொல்லிக்கொண்டிருந்ததாம்.

வாசித்ததும் முதலில் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் அழுத இரவில் நீ நிம்மதியடைந்தாயா? ஒரு நாளோ இரண்டு நாளோ அந்தக் கோபம் இருந்தது. பிறகு என் பதினாறாவது வயது ஞாபகம் வந்தது. கொட்டும் மழை, மைதானம் சேறாகிவிட்டது, நடுவர் வந்து பந்தைத் தரையில் போட்டுப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஆட்டம் இல்லை என்றார். கூட இருந்தவர்கள் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். உள்ளுக்குள் அந்த மழையைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

2006 கோடையில் அவர் வேர்டர் பிரேமன் கழகத்துக்குப் போனார். எங்களுக்கு வலித்தது, ஆனால் யாரும் அவரைத் தூற்றவில்லை. அங்கே ஐந்து வருடம், 2009 இல் ஜேர்மன் கிண்ணம். 2008 ஐரோப்பியக் கிண்ணத்தில் வியன்னா இறுதியாட்டம் வரை போய் ஸ்பெயினிடம் ஒரு கோலால் தோல்வி. 2010 இல் தென்னாபிரிக்காவில் மறுபடி அரையிறுதி, மறுபடி ஸ்பெயின், மறுபடி ஒரு கோல். இதெல்லாம் எங்கும் கிடைக்கும் விபரம். நான் நிற்க விரும்புவது 2009 நவம்பரில்.

ரொபேர்ட் என்கே. ஹனோவர் 96 இன் கோல் காப்பாளர். 2004 இல் வந்தவர், இரண்டு பருவகாலம் மேர்ட்டசாக்கரின் முதுகுக்குப் பின்னால் நின்றவர், அவருடைய நண்பர். 2010 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனியின் முதல் கோல் காப்பாளராக நிற்பார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். நவம்பர் 10 மாலை அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 32. அடுத்தநாள் அவருடைய மனைவி ஊடகங்களின் முன் வந்து, கணவர் வருடக்கணக்காக மன அழுத்த நோயோடு போராடினார் என்றும், வெளியே தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்து அதை மறைத்தார் என்றும் சொன்னார். நவம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அஞ்சலி. நானும் போனேன். நடுவட்டத்தில் சவப்பெட்டி. அவ்வளவு பெரிய கூட்டம் அப்படி ஊமையாகி நின்றதை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை. சிலியோடு நடக்கவிருந்த தேசிய அணியின் ஆட்டம் நிறுத்தப்பட்டது. உதைபந்தாட்டம் மட்டுமே வாழ்க்கை இல்லை என்று ஜேர்மன் சங்கத்தின் தலைவர் அங்கே நின்று பேசினார். எல்லோரும் தலையாட்டினோம்.

மூன்று நாள் கழித்துத் தேசிய அணி ஐவரி கோஸ்டோடு விளையாடியது. பத்து நாளில் நாங்கள் மறுபடி வீரர்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினோம். நானும் கத்தினேன்.

2011 ஓகஸ்ட் 28 அன்று ஆர்சனல் மன்செஸ்டர் யுனைட்டட்டிடம் 8-2 என்று தோற்றது. மூன்று நாள் கழித்து, ஒப்பந்த காலம் மூடுகிற கடைசி நாளில், மேர்ட்டசாக்கரை வாங்கினார்கள். எரிகிற வீட்டுக்குள் ஒருவரை அனுப்புவது போலத்தான் அது. இங்கிலாந்தில் ஆட்டத்தின் வேகம் வேறு. முதல் பருவகாலத்தில் அவருடைய வேகத்தை வைத்துச் செய்யாத கேலி இல்லை. 2012 பெப்ரவரியில் சண்டர்லாந்தில் யாரும் தொடாமலே தடுக்கி விழுந்தார். கணுக்கால் திரும்பியது, பந்து எதிராளியின் காலுக்குப் போனது, அவன் கோல் அடித்தான். வலியில் கிடக்கிற மனிதனைக் கடந்து பந்து போகிற அந்தக் காட்சியை ஆளாளுக்குச் சிரிப்புப் படமாக்கிப் பரப்பினார்கள். அந்தக் காயத்துக்குப் பிறகு, கோடையில் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில் அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

காயம் பற்றியும் அந்த நேர்காணலில் பேசினார். உடம்பு ஓய்வு கேட்டது, காயம்பட்டால் மட்டும்தான் நியாயமாக ஓய்வெடுக்க முடிந்தது என்ற பொருளில். காயத்தை விடுமுறையாக எண்ணுகிற நிலைக்கு ஒரு மனிதன் வந்துவிட்டான் என்றால், அவனைச் சுற்றி இருந்த அத்தனை மருத்துவர்களும் பயிற்றுநர்களும் எதைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள்? தசையை அளந்தார்கள், இரத்தத்தை அளந்தார்கள், ஓடிய கிலோமீற்றரை அளந்தார்கள்.

ஆனால் அவர் திரும்பி வந்தார். கொசியெல்னியும் அவரும் சேர்ந்து நின்றபோது ஆர்சனலின் பின்வரிசைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. கொசியெல்னி முன்னால் பாய்ந்து பந்தைப் பிடுங்குவார், மேர்ட்டசாக்கர் பின்னால் நின்று வாசலைக் காப்பார். 2014 ஏப்ரலில் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி, கீழ்ப்பிரிவு அணியான விகனுக்கு எதிராக. அவரே பிழைவிட்டுப் பெனால்டி கொடுத்தார், கோல் விழுந்தது. 82 ஆம் நிமிடத்தில் அவரே தலையால் முட்டிச் சமப்படுத்தினார். பெனால்டிகளில் ஆர்சனல் வென்றது. அந்த வருடம் இறுதியில் ஹல் அணிக்கு எதிராக எட்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கி, பிறகு 3-2 என்று வென்றார்கள். ஒன்பது வருடமாக ஒரு கிண்ணமும் இல்லாமல் இருந்த கழகம். அடுத்த வருட இறுதியிலும் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக அவர் ஒரு கோல் அடித்தார்.

பிரேசில், 2014. ஜூன் 30, போர்ட்டோ அலெக்ரே, அல்ஜீரியா. பின்வரிசையில் கூட நிற்கிற ஹுமெல்சுக்குக் காய்ச்சல். ஜேர்மனியின் பின்வரிசை மைதானத்தின் பாதிவரை ஏறி நின்றது, அதற்குப் பின்னால் இருந்த வெட்டவெளியைக் கோல் காப்பாளர் நொயர் தனியாக ஓடியோடி மூடினார். மேலதிக நேரத்தில் 2-1 என்று தப்பினோம். வெளியே வந்ததும் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஏன் இவ்வளவு தடுமாற்றம் என்று கேட்டார். எப்போதும் மரியாதையாகப் பேசுகிற மேர்ட்டசாக்கர் வெடித்தார். இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு என்றார். கடைசிப் பதினாறுக்குள் வந்தவர்களைக் கார்னிவல் கூட்டம் என்று நினைக்கிறீர்களா என்றார். மூன்று நாள் ஐஸ் தொட்டிக்குள் படுத்துவிட்டு வந்து ஆட்டத்தை ஆராய்வோம் என்றார். ஐஸ் தொட்டி என்ற சொல் நாடு முழுக்கப் பகிடியாகிப் பரவியது. நானும் அந்தக் காணொளியைப் பல பேருக்கு அனுப்பினேன். நேர்காணலை வாசித்த பிறகு அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நூற்றிருபது நிமிடம் தன் வேகத்துக்கு ஒவ்வாத உயரத்தில் நின்று காவல் செய்துவிட்டு, அன்று காலையிலிருந்து வயிற்றோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து நிற்கிற மனிதனின் முகம் அது. ஜெயித்துவிட்டோம், விடுங்கள் என்று கெஞ்சுகிற முகம்.

அடுத்த ஆட்டத்தில் அவரை வெளியே வைத்தார்கள். சண்டை போடவில்லை, முகம் தூக்கவில்லை. பிரேசிலை 7-1 என்று வென்ற அரையிறுதியில் இடைவேளைக்குப் பிறகு வந்தார். ரியோ இறுதியில் மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில், கோட்ஸவின் கோலைக் காப்பாற்றிக் கரை சேர்க்க, இறக்கப்பட்டார். ஓகஸ்டில், முப்பது வயது ஆகமுன்னமே, தேசிய அணியிலிருந்து விலகினார். லாமும் குளோசவும் விலகிய கோடை என்பதால் அவருடைய விலகலுக்குச் செய்தித்தாளில் சின்ன இடம்தான் கிடைத்தது.

எனக்குப் பிடித்த ஆட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. 2016 கோடையில் முழங்கால் காயம். பருவகாலம் முழுக்க வெளியே. 2017 மே 21, லீக்கின் கடைசி நாளில், எவர்ட்டனுக்கு எதிராக மாற்று வீரராக வந்தார். அன்று கப்ரியெல் காயப்பட்டார், கொசியெல்னிக்குச் சிவப்பு அட்டை. ஆறு நாள் கழித்து வெம்ப்ளியில் எஃப்.ஏ. கிண்ண இறுதி, அந்த வருட லீக் சம்பியனான செல்சிக்கு எதிராக. பின்வரிசைக்கு ஆள் இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு ஆட்டத்தையும் முதலிலிருந்து ஆடாத, முப்பத்திரண்டு வயது மேர்ட்டசாக்கரை நடுவில் நிறுத்தினார் ஆர்சனல் பயிற்றுநர் வெங்கர். ஒரு பக்கம் அனுபவமே இல்லாத ஹோல்டிங், மறுபக்கம் மொன்றியால். எதிரே டியேகோ கோஸ்டா, ஹசார்ட். நான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் பார்க்கத் தொடங்கினேன்.

அன்று அவர் செய்ததைப் பின்கள வீரர்களுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டலாம். கோஸ்டா உரசினார், தள்ளினார், வாய் கொடுத்தார். மேர்ட்டசாக்கர் ஒரு தடவையும் அவசரப்படவில்லை. பந்து பெட்டிக்குள் வரும்போதெல்லாம் அந்தத் தலையோ காலோ அங்கே முந்தி வந்து நின்றது. பக்கத்தில் இருந்த இளம் பெடியனைக் கையைக் காட்டிக் காட்டி இழுத்து நிறுத்திக்கொண்டே இருந்தார். 76 ஆம் நிமிடத்தில் கோஸ்டா ஒன்று அடித்துச் சமப்படுத்தினார், ஆட்டம் போய்விட்டது என்று நினைத்தேன். மூன்று நிமிடத்தில் ராம்சியின் தலை. 2-1. விசில் ஊதியதும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பாத்தனீங்களே?" என்றேன். "அவன் திரும்பவேயில்லையடா" என்றார்.

அடுத்த வருடம், ஓய்வு பெறுகிற பருவகாலத்தில், அந்த நேர்காணல். கடைசி வருடத்தை அனுபவி என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கோ மாற்று வீரர் வாங்கில் இருப்பதுதான் பிடித்திருக்கிறது, பார்வையாளர் பகுதியில் இருந்தால் இன்னும் நல்லது என்றார். ஆனாலும் இந்த ஞாபகங்களுக்காக எல்லாவற்றையும் திரும்பவும் செய்வேன் என்றார். இரண்டும் ஒரே மனிதனின் வாயிலிருந்து வந்தவை. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லோதர் மத்தேயஸ் தொலைக்காட்சியில் கேட்டார்: அழுத்தம் தாங்கமுடியவில்லை என்று சொல்கிறவர் எப்படி இளையவர்களோடு வேலை செய்வார், அவர்களுக்கு எப்படித் தொழில்முறைப் பண்பைக் கற்பிப்பார்? ஆர்சனலின் இளையோர் பயிற்சிக்கூடத்தை மேர்ட்டசாக்கர் பொறுப்பேற்கப்போகிறார் என்பது அப்போதே அறிவிக்கப்பட்டிருந்தது. மத்தேயஸ் பெரிய வீரர், 1990 உலகக் கிண்ணத்தைத் தூக்கிய அணித்தலைவர். ஆனால் இந்த விடயத்தில் அவர் முற்றிலும் பிழை என்று நான் நம்புகிறேன். தாங்கமுடியாதவன் எப்படி 104 ஆட்டம் ஆடினான்? தாங்கியதை, தாங்கியபடியே சொன்னான் அந்த மனிதன். என்னைப் பயிற்றுவித்தவர்களில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பதினாறு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடைமாற்றும் அறையில், சத்தி வருகிறது, பத்து நிமிடம் பிந்தி வரட்டுமா என்று என் பயிற்றுநரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி அதைத் திரும்பச் சொன்னார். சிரித்தார்கள். கோழைகளுக்குப் பின்வரிசையில் இடமில்லை என்றார். அன்று விளையாடினேன், பிழையில்லாமல் விளையாடினேன். அடுத்த கிழமை பள்ளிக்கூடப் படிப்பு கூடிவிட்டது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன். மனைவிக்கே இதைச் சொன்னது 2018 மார்ச்சில்தான், அந்த ட்ராமிலிருந்து இறங்கித் திரும்பி நடந்து வந்த இரவில்.

மேர்ட்டசாக்கர் 2018 மே மாதம், வெங்கரின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், மாற்று வீரராக வந்து விடைபெற்றார். பிறகு பயிற்சிக்கூடப் பொறுப்பை ஏற்றார். சாகா போன்ற பெடியங்கள் அங்கேயிருந்து முதலணிக்கு ஏறி வந்ததைப் பார்த்தோம். அங்கே ஒவ்வொரு நாளும் என்ன பேசினார் என்று அந்தப் பெடியங்களுக்குத்தான் தெரியும். ஆனால் மாட்சுக்கு முன் வயிறு பிரட்டுகிற பதினாறு வயதுக்காரன் ஒருவன் அந்தக் கட்டிடத்தில் இருந்திருந்தால், மேலே இருக்கிற அறைக்காரருக்கும் அப்படித்தான் இருந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். குழாய்ச் சத்தம் நின்றது. மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ஒண்டுமில்லை" என்றான். நான் தரையில் இருந்தேன். "எனக்கும் இப்பிடித்தான் வாறது" என்றேன். நம்பாமல் பார்த்தான். "உண்மையா?" "உண்மையா. உன்ர வயசில. நானும் பைப்பைத் திறந்துவிட்டிட்டுத்தான்." கொஞ்ச நேரம் பக்கத்தில் வந்து இருந்தான். போறியா, விடுறியா, உன்ர விருப்பம் என்றேன். போனான். 3-1 என்று தோற்றார்கள். முதல் கோல் அவனுடைய பக்கத்தால் வந்தது.

பின்னேரம் இரண்டு பேரும் கூடத்தில் இருந்து 2017 இறுதியாட்டத்தைப் போட்டோம். உயரமானவரைக் காட்டி, அவரைப் பற்றிச் சொன்னேன். மகன் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கோஸ்டா ஓடி வர, அவர் பாதி திரும்பியபடி பின்னால் போய், காலை நீட்டிப் பந்தை வெளியே தட்டினார்.

"இந்த மாட்சுக்கு முதலும் அவருக்கு அப்பிடி வந்திருக்குமோ?"

"ஓம்."

ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கினான். ஆட்டத்தைத் தொடக்கத்துக்குத் திருப்பி, அணிகள் சுரங்கப் பாதையிலிருந்து வரிசையாக வெளியே வருகிற இடத்தில் விட்டு, தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் இருந்தான்.